அவசரக் கை வேண்டாம்: தோட்டத்துச் சபையில் மூப்பரைத் தெரிவதும், விழுந்தவரைச் சீர்ப்படுத்துவதும்

மலையகத் தேயிலைத் தோட்டத்துச் சபையில் மூப்பர் காலமானாலோ, பிள்ளைகளோடு கொழும்புக்குக் குடிபோனாலோ, அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து பிளேன்டீ குடிக்கும் நேரத்திலேயே பேச்சு எழும்: "அந்தண்ணன் நல்லா ஜெபிப்பாரு, அவரையே போட்டுருவோம்." நாலு பேர் தலையாட்டுவார்கள். மறு ஞாயிறு கை வைத்து ஜெபித்தும் ஆகிவிடும். அவருக்குக் கடன் எவ்வளவு, வீட்டில் எப்படி, முன்பிருந்த சபையை ஏன் விட்டார் என்று ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். பிறகு ஏதாவது நடந்தால் அதே வேகத்தில் இறக்குவார்கள். ஆறு மாதம் கழித்து அவர் அழுது ஜெபித்ததும் அதே வேகத்தில் மறுபடி ஏற்றுவார்கள்.

இந்த மூன்று அவசரத்தையும் நிறுத்துவது எப்படி என்பதே இந்த வழிகாட்டி. சபைக்குழுவுக்குப் புதிதாக வந்தவர்களையும், தோட்டங்களில் சிறு சபைகளைத் தொடங்கியிருக்கும் ஊழியர்களையும் மனதில் வைத்து எழுதியது.

முதலில் உங்கள் திருச்சபையின் விதி

இலங்கைத் திருச்சபையிலும் (அங்கிலிக்கன்) மெதடிஸ்த திருச்சபையிலும் குருமாரைத் தோட்டத்துச் சபை தெரிவதில்லை. அழைப்பைச் சோதித்துப் பார்த்து, படிப்புக்கு அனுப்பி, பிறகே அருட்பொழிவு. பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இறையியல் கல்லூரிக்குப் போகிறவர்கள் வருடக்கணக்கில் அங்கே பயில்கிறார்கள். கத்தோலிக்கப் பங்குகளில் பங்குப் பேரவைக்கு மட்டுமே உங்கள் தெரிவு பொருந்தும். இவற்றில் ஒன்றைச் சேர்ந்தவர்களானால் உங்கள் யாப்பை எடுத்து, சபையோர் எதைத் தீர்மானிக்கலாம், எதை மேலிடம் தீர்மானிக்கும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

சுயாதீன சபைகளுக்குத்தான் சிக்கல் அதிகம். போதகருக்கு மேலே கேட்க ஆள் இல்லை. ஆகவே பக்கத்து நகரத்துப் போதகர் ஐக்கியத்திலிருந்து, உங்கள் சபையில் சொந்தபந்தம் இல்லாத இருவரை, பிரச்சினை எதுவும் இல்லாத காலத்திலேயே கேட்டு ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். ஹட்டனில் இருப்பவர் மஸ்கெலியாவுக்கு வருவது பெரிய தூரமல்ல. பிரச்சினை வந்த பிறகு ஆள் தேடினால், தேடுகிறவர் தம் பக்கம் பேசுகிறவரைத்தான் கூட்டிவருவார்.

பெயருக்கு முன் வேலை

யாரை என்று கேட்பதற்கு முன் எதற்கு என்று கேளுங்கள். அப்போஸ்தலர் 6இல் எருசலேம் சபை செய்தது அதுதான். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விட்டுப்போனார்கள் என்ற முறைப்பாடு வந்தது. அதற்கென்று ஏழு பேர் தெரிவு செய்யப்பட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா ஆகிய ஏழும் கிரேக்கப் பெயர்கள். அதாவது முறைப்பாடு வந்த பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்திருப்பதாகத் தெரிகிறது. தோட்டத்தின் கீழ் டிவிஷன் (பிரிவு) வீடுகளில் யாரும் ஜெபிக்க வருவதில்லை என்ற குறை உங்கள் சபையில் இருந்தால், மேல் டிவிஷனில் இருந்து இன்னொரு மூப்பரைப் போடுவது தீர்வாகாது.

ஏழு என்ற எண்ணைப் பிடித்துத் தொங்கவேண்டாம். 20 குடும்பச் சபைக்கு 3 பேர் போதும். ஆனால் அந்த மூவரும் ஒரே குடும்பமாக, அண்ணன் தம்பி மச்சானாக இருக்கக்கூடாது. தோட்டத்தில் பாதிப் பேர் சொந்தம் என்பது உண்மைதான். அதனால்தான் இதை வாயால் சொல்லி விடாமல் விதியாக எழுதவேண்டும். சாதி பார்த்து ஒருவரை ஒதுக்குவதும் இந்த இடத்தில்தான் நடக்கும். யாரும் வெளியே சொல்லமாட்டார்கள், "அவங்க வீட்டுக்கு நாலு பேர் போகமாட்டாங்க" என்று மட்டும் சொல்வார்கள். அந்த வாக்கியம் கேட்டால் கூட்டத்தை நடத்துகிறவர் அங்கேயே நிறுத்தி, "எதனால் போகமாட்டார்கள்?" என்று கேட்கவேண்டும்.

தொழிற்சங்கத் தோட்டத் தலைவரும் கங்காணியும் மூப்பராகலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஆகலாம். ஆனால் வேலைத்தளத்தில் பெயர் போடும் (வேலைக்கு வந்ததைப் பதியும்) அதிகாரம் உள்ளவரிடம் சபையின் ஒழுங்கு நடவடிக்கையையும் ஒப்படைத்தால், அவரைப்பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அப்படிப்பட்டவருக்குப் பராமரிப்பு வேலை கொடுங்கள். முறைப்பாடு கேட்கும் குழுவில் வைக்காதீர்கள். பிரதேச சபைத் தேர்தலில் நிற்கிறவர் வேட்புமனு கொடுத்த நாளிலிருந்து முடிவு வரும்வரை பொறுப்பிலிருந்து விலகியிருக்கட்டும்.

12 வாரக் கணக்கு

முதல் 2 வாரம் வேலையை எழுதி வாசியுங்கள். அடுத்த 2 வாரம் பெயர்கள் வரட்டும். கை தூக்கச் சொல்லாதீர்கள். சிறு தாள்களில் எழுதி மூடிய பெட்டியில் போடட்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு அதே தோட்டத்துக்காரர் அல்லாத ஒருவர் எழுதிக்கொடுக்கலாம். 5ஆம் வாரம் முதல் 8ஆம் வாரம் வரை விசாரணை, 9ஆம் வாரம் நேர்காணல். 10, 11ஆம் ஞாயிறுகளில் பெயரைப் பகிரங்கமாக வாசித்து ஆட்சேபனை கேளுங்கள். 12ஆம் வாரம் பரீட்சைக் காலம் தொடங்கும். கை வைப்பது அதற்குப் பிறகுதான்.

கூட்டங்களை வார நாள் மாலையில் வைத்தால் கொழுந்து பறிக்கும் பெண்கள் வரமுடியாது. மலையிலிருந்து வந்து, தண்ணீர் பிடித்து, உலை வைக்கும் நேரம் அது. ஞாயிறு கைக்காசுக்கு (அன்றே காசு வாங்கும் வேலைக்கு) போகும் பருவத்தில் ஞாயிறும் சரிவராது. போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்கள் நல்லவை.

விசாரணை: எங்கே போய்க் கேட்பது

1 தீமோத்தேயு 3, தீத்து 1 ஆகிய அதிகாரங்களில் உள்ள தகுதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். போதிக்கத் தெரிவது ஒன்றே ஒன்று. மற்றவையெல்லாம் குணம், வீடு, பணம், நாக்கு, மதுவைப் பற்றியவை. ஆனால் நம் தெரிவுகளில் நடப்பது தலைகீழ். உரக்க ஜெபிப்பதும் பாட்டை எடுத்துக் கொடுப்பதும் முதலில் பார்க்கப்படும்.

இருவர் போகவேண்டும், ஒருவர் பெண்ணாக இருப்பது அவசியம். கையில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கட்டும். யார், எந்தத் திகதி, என்ன சொன்னார் என்று மட்டும் எழுதுங்கள். உங்கள் அபிப்பிராயத்தை அதில் சேர்க்காதீர்கள்.

முதலில் பக்கத்துக் காம்பறா, அதாவது லயத்தில் (வரிசை வீடுகளில்) அடுத்த வீடு. புறம்பானவர்களிடம் நற்சாட்சி வேண்டும் என்று பவுல் எழுதியதற்கு (1 தீமோத்தேயு 3:7) லயத்தைவிட நல்ல சோதனை இல்லை. ஒரே சுவர், இந்தப் பக்கம் பாத்திரம் விழுந்தால் அந்தப் பக்கம் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் இந்துவாக இருந்தால் இன்னும் நல்லது, அவருக்குச் சபை அரசியல் கிடையாது. "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்லவர்" என்றுதான் பதில் வரும். "சம்பள நாள் ராத்திரி அந்த வீட்டில் எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். சிலர் பேசாமல் அடுப்பைப் பார்ப்பார்கள். அதையும் கொப்பியில் எழுதலாம்: "பதில் சொல்லவில்லை."

அடுத்து கடை. தோட்டத்துக் கடைகளில் கடன் கொப்பி இருக்கும். அதைக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை, கேட்கவும் கூடாது. "சொன்ன தவணைக்குக் கொடுப்பாரா?" என்ற ஒரு கேள்வி போதும். கடன் இருப்பது குற்றமல்ல, நம் மக்களில் கடனில்லாதவர் எத்தனை பேர்? ஒளிப்பதுதான் சிக்கல். நுண்கடன் வாரத் தவணையில் மூச்சுமுட்டிக்கொண்டிருப்பவரிடம் காணிக்கைப் பையைக் கொடுப்பது அவருக்கே செய்யும் அநியாயம்.

மனைவியைத் தனியாகச் சந்திக்கவேண்டும், கணவர் வாசலில் நிற்காத நேரத்தில். சந்திப்பது பெண்ணாகவே இருக்கட்டும். "இந்தப் பொறுப்பு வந்தால் உங்களுக்கு என்ன சுமை கூடும்?" என்று தொடங்கினால் பேச்சு தானாக வரும். மனைவி வெளிநாட்டில் வேலை செய்தால் தொலைபேசியில் பேசுங்கள். பெண்ணைப் பொறுப்புக்குத் தெரிவதானால் அவருடைய கணவரிடமும் இதையே கேட்கலாம்.

கடைசியாக, முன்பிருந்த சபை. வேறு தோட்டத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்தவரானால் அங்கேயிருந்த போதகரிடம் தொலைபேசியில் கேட்டு, பதிலை எழுத்திலும் வாங்குங்கள். பெரும்பாலான சபைகள் விடும் படி இதுதான். வேறிடத்தில் இறக்கப்பட்டவர் இங்கே வந்து ஆறு மாதத்தில் ஏறிவிடுவது இந்த ஓட்டை வழியாகத்தான்.

நேர்காணல்

மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி கேட்டால் பாடப் பரீட்சைபோல் ஆகிவிடும். வட்டமாக உட்காருங்கள். வேத வசனம் ஒப்புவிக்கச் சொல்லாதீர்கள். "கடைசியாக யாரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள்? எதற்கு?" என்று கேளுங்கள். "நீங்கள் சொன்னதைச் சபை ஏற்காதபோது என்ன செய்தீர்கள்?" "கடைசியாகக் குடித்தது எப்போது?" பதிலைவிடப் பதில் வரும் விதம் முக்கியம். முதல் கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு நாளும் சொல்லமுடியாதவரை நாங்கள் அந்த வருடம் நிறுத்திவைக்கச் சொல்வோம்.

பரீட்சைக் காலமும் கை வைப்பதும்

உதவிக்காரர் (டீக்கன்) முன்னதாகச் சோதிக்கப்படவேண்டும் (1 தீமோத்தேயு 3:10). நாங்கள் சொல்லும் அளவு 6 மாதம், பட்டப்பெயர் இல்லாமல். ஒரே ஒரு வேலை, ஒரே ஒரு மேற்பார்வையாளர், மாதம் ஒரு சந்திப்பு. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரானால் 2 வருடம் பொறுங்கள். நூதன சீஷனை ஏற்றவேண்டாம் என்பதை 325இல் கூடிய நிசேயா பேரவையும் தன் 2ஆம் விதியில் எழுதி வைத்தது. ஞானஸ்நானம் பெற்ற கையோடு ஆட்களை ஆயராக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதே காரணம். மிலானில் 374இல் அம்புரோஸ் ஞானஸ்நானம் பெற்ற சில நாட்களிலேயே ஆயரானாரே என்று யாராவது கேட்பார்கள். அவர் அந்த மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர், ஊரே அறிந்த ஆள். உங்கள் தோட்டத்துக்கு மூன்று மாதத்துக்கு முன் வந்தவர் அம்புரோஸ் அல்ல.

பதவிக்குக் காலக்கெடு வையுங்கள்: 3 வருடம், மறுபடி ஒரு தரம் 3 வருடம், பிறகு கட்டாயமாக 1 வருட ஓய்வு. காலக்கெடு இருந்தால் பலரை இறக்கவேண்டிய அவசியமே வராது, அவர்களாகவே மரியாதையோடு இறங்கிவிடுவார்கள்.

காணிக்கை எண்ணுவது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், தோட்டத்துச் சபைகளில் விழுந்தவர்களில் பலர் திருட நினைத்து விழுந்தவர்கள் அல்ல. பையை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். "நாளைக்கு வைப்போம்" என்று எடுத்தார்கள்.

ஆகவே பை கட்டடத்தைவிட்டு எண்ணாமல் வெளியே போகக்கூடாது. ஆராதனை முடிந்ததும் சொந்தமில்லாத இருவர், கதவு திறந்திருக்க, மேசைமேல் கொட்டி எண்ணவேண்டும். 5000, 1000, 500, 100, 50, 20 ரூபாத் தாள்களைத் தனித்தனியாக அடுக்கி, சில்லறையைக் கடைசியில் எண்ணி, கொப்பியில் வரிவரியாக எழுதி, இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும். பென்சிலால் எழுதக்கூடாது. பிழை வந்தால் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து வையுங்கள். வெள்ளை மை பூசிய கொப்பியை யாரும் நம்பமாட்டார்கள். வங்கிக் கணக்கு சபையின் பெயரில், இரண்டு கையெழுத்தோடு. திங்கட்கிழமை வைப்பிலிட்ட துண்டை அதே பக்கத்தில் ஒட்டுங்கள். பவுலும் எருசலேமுக்கான காணிக்கையைத் தனியே எடுத்துச் செல்லவில்லை. சபைகள் நியமித்த துணையையும் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:18-21).

முறைப்பாடு வந்தால்: முதல் மூன்று நாள்

முதலில் ஒன்றைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை சம்பந்தப்பட்டதானால் சபை விசாரிக்கக்கூடாது. உடனே பொலிஸுக்கோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கோ அறிவியுங்கள். பிள்ளையைக் கூட்டிவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பது பிள்ளையையும் நோகடிக்கும், வழக்கையும் கெடுக்கும். இரு வீட்டாரையும் உட்காரவைத்துச் "சமாதானம்" பேசுவதும், பணம் வாங்கிக் கொடுப்பதும் குற்றத்தை மூடுவதாகும். பெண்கள்மீதான வன்முறைக்கு 1938 இருக்கிறது. பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்தவர் மனந்திரும்பலாம், மன்னிப்பும் பெறலாம். சபைப் பொறுப்புக்கு அவர் ஒருபோதும் திரும்பக்கூடாது. இதில் பேச்சுக்கு இடமில்லை.

மற்ற முறைப்பாடுகளில் 1 தீமோத்தேயு 5:19 இரண்டு மூன்று சாட்சி கேட்கிறது. சாட்சி இல்லாமல் முறைப்பாட்டைக் கேட்கவே கூடாது என்று இதைத் திருப்பிச் சொல்பவர்கள் உண்டு. ஒருவர் சொன்னதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே என்பதுதான் பொருள். விசாரித்தால்தானே இரண்டாம் சாட்சி கிடைப்பார்? அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: பாவஞ்செய்தவர்களை எல்லோர் முன்பாகவும் கடிந்துகொள் என்கிறது.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்ற குரலும் எழும். சங்கீதம் 105:15 சொல்வது, எண்ணிக்கையில் சிறியவர்களாக ஊரூராய் அலைந்த ஆபிரகாம் குடும்பத்தாரை ராஜாக்கள் தொடக்கூடாது என்று. அதிகாரமற்றவர்களைக் காக்க எழுதியதை அதிகாரமுள்ளவருக்குக் குடையாகப் பிடிக்கிறார்கள். அந்தியோகியாவில் பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11). பேதுரு அதனால் குறைந்துபோகவில்லை.

மூன்று நாளுக்குள் செய்யவேண்டியவை: முறைப்பாட்டை எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே பேசிவைத்த வெளியார் இருவரையும் அழையுங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர் பிரசங்கம், பணம், வீட்டு ஜெபம் மூன்றிலிருந்தும் விலகியிருக்கட்டும். இது தண்டனையல்ல என்று அவருக்கே எழுதிக்கொடுங்கள். முறைப்பாடு செய்தவரின் வீட்டுக்கு அவரோ அவரது உறவினரோ போகக்கூடாது. சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரியும் வேண்டாம்.

ஞாயிறு அறிவிப்பு இவ்வளவு போதும்: "நமது மூப்பர் ஒருவரைக் குறித்து ஒரு முறைப்பாடு வந்துள்ளது. விசாரணை முடியும்வரை அவர் பொறுப்பிலிருந்து விலகியிருக்கிறார். ஏதாவது தெரிந்தவர்கள் இந்த இருவரிடம் சொல்லலாம். இரு குடும்பங்களுக்காகவும் ஜெபியுங்கள்." பெயரை மறைப்பதா? சிறு சபையில் மறைக்கமுடியாது, மூப்பர் மூவரானால் மற்ற இருவர்மேலும் சந்தேகம் விழும். பெயரைச் சொல்லுங்கள், விவரத்தைச் சொல்லாதீர்கள். "குடும்பக் காரணங்களுக்காக ஓய்வு எடுக்கிறார்" என்று பொய் சொன்னால், பிறகு சபை சொல்லும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

விசாரணை 30 நாளுக்குள் முடியட்டும். முறைப்பாடு பொய் என்று தெரிந்தால் அதையும் அதே இடத்தில், அதே சத்தத்தில் அறிவிக்கவேண்டும். இதைச் செய்ய மறக்கிற சபைகள் அதிகம்.

சீர்ப்படுத்துவது

கலாத்தியர் 6:1இல் "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்பதற்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல், மத்தேயு 4:21இல் யாக்கோபும் யோவானும் வலைகளைப் பழுதுபார்த்ததற்கு வருகிற அதே சொல். கிழிந்த வலையை அன்றே கடலில் போடுவதுமில்லை, எரிப்பதுமில்லை.

மூன்று காரியங்களைக் கலக்காதீர்கள். மன்னிப்பு உடனே கொடுக்கலாம். ஐக்கியம், அதாவது நற்கருணையும் வீட்டுக்கு வரப்போக இருப்பதும், மனந்திரும்புதல் தெரிந்ததும் திரும்பலாம். வருந்துகிறவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி தேற்றச் சொல்கிறது 2 கொரிந்தியர் 2:7. பொறுப்பு மட்டும் தனிக் கணக்கு. "மன்னித்துவிட்டீர்களே, ஏன் இன்னும் பிரசங்கம் தரவில்லை?" என்று கேட்கிறவரிடமே பதில் இருக்கிறது: பிரசங்கப் பீடத்துக்காக அவசரப்படுகிறவர் இன்னும் ஆயத்தமாகவில்லை.

மூன்று பேர் கொண்ட குழு அமையுங்கள். அதில் ஒருவர் அவருடைய நண்பராக இருக்கட்டும், ஒருவர் வெளியார். முதல் 3 மாதம் வாரம் ஒரு சந்திப்பு, பிறகு மாதம் ஒன்று. முழுநேர ஊழியரானால் குறைந்தது 3 மாதம் உதவித்தொகையை நிறுத்தாதீர்கள், சபை வீட்டிலிருந்து உடனே இறக்காதீர்கள். தவறு செய்யாத மனைவியும் பிள்ளைகளும் பாடசாலைத் தவணை நடுவில் தெருவில் நிற்கவேண்டாம்.

கால அளவு தவறைப் பொறுத்தது. குடியானால் 1 முழு வருடம். சும்மா சொன்ன கணக்கல்ல அது: அதற்குள் 12 சம்பள நாளும், தீபாவளியும், கிறிஸ்மஸும், தோட்டத்துக் கோயில் திருவிழாவும், கட்டாயம் ஒரு கல்யாண வீடும் ஒரு சாவு வீடும் வந்துபோகும். பணமானால் தொகையை எழுதி ஒப்புக்கொண்டு தவணையில் கட்டவேண்டும். 72,000 ரூபா குறைந்தால் மாதம் 6,000 வீதம் 12 மாதம். சபையார் இரக்கப்பட்டுச் சேர்த்துக் கட்டக்கூடாது. கட்டி முடித்தாலும் அவர் கையில் மறுபடி காணிக்கைப் பை வேண்டாம், வேறு எத்தனையோ வேலை இருக்கிறது. ஆலோசனைக்கு வந்த பெண்ணோடு ஊழியர் தவறினால், அதை இருவரின் விபசாரம் என்று பாதியாகப் பிரிக்காதீர்கள். மேய்க்கிறவர் தன்னை நம்பி வந்தவரைச் சுரண்டியது அது. அந்தப் பெண் அதே சபையில் இருக்கும்வரை அவர் அங்கே தலைவராக முடியாது. வெறும் களைப்பினாலும் மனச்சோர்வினாலும் விலகியவர் இந்தப் பட்டியலில் சேரவே மாட்டார். அவருக்கு ஓய்வும் வைத்தியரும் தேவை, ஒழுங்கு நடவடிக்கை தேவையில்லை.

திரும்பும் வழி படிப்படியாக: முதலில் மற்றவர்களோடு பாயில் உட்காரட்டும். பிறகு கோயிலைத் திறப்பது, கூட்டுவது. பிறகு வேதபாடம் வாசிப்பது. பிறகு இன்னொருவரோடு வீட்டு ஜெபம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 2 மாதம், ஒவ்வொன்றும் கொப்பியில். பாதிக்கப்பட்டவரிடம் ஒவ்வொரு படியிலும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஞாயிறு காலையில் அவரைத் திடீரென்று முன்னால் கண்டு திடுக்கிட வைக்கக்கூடாது.

பேதுருவைக் காட்டி அவசரப்படுத்துவார்கள். பேதுரு பயத்தில் மறுதலித்தவர், ஆடுகளை விற்றுத் தின்றவர் அல்ல. யோவான் மாற்குவையும் பாருங்கள்: பம்பிலியாவில் விட்டுப்போனார், அடுத்த பயணத்துக்குப் பவுல் சேர்க்கவில்லை, பர்னபா கூட்டிக்கொண்டு போனார், பல வருடம் கழித்தே "ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமானவன்" என்று பவுல் எழுதினார் (2 தீமோத்தேயு 4:11). இடையில் பர்னபா ஒருவர் தேவைப்பட்டார். உங்கள் குழுவில் அந்த வேலை யாருக்கு என்று பெயர் குறித்து வையுங்கள்.

வேறு சபைக்குப் போய்விட்டால்

இது அடிக்கடி நடக்கும். நடுவில் கோபித்துக்கொண்டு பண்டாரவளைக்கோ நாவலப்பிட்டிக்கோ போய், அங்கே "ஊழியத்துக்கு அழைக்கப்பட்டவன்" என்று அறிமுகமாவார். பின்னால் போய்த் தூற்றாதீர்கள், சும்மாவும் இருக்காதீர்கள். அந்தப் போதகருக்கு ஒரு பக்கக் கடிதம்: இன்ன காலம் எங்களிடம் இருந்தார், இன்ன திகதியில் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார், சீர்ப்படுத்தும் ஒழுங்கு இன்ன படியில் நிற்கிறது, விரும்பினால் அங்கிருந்தே தொடரலாம், எங்கள் குழுவில் ஒருவர் பேச ஆயத்தம். பாதிக்கப்பட்டவரின் பெயர் அதில் இருக்கக்கூடாது. ஒரு பிரதியை அவருக்கே கொடுத்துவிடுங்கள், இன்னொன்றைக் கொப்பியில் ஒட்டுங்கள்.